வெளியில் வாங்கிய ஃபில்டர்

எங்கள் பக்கத்தில் அந்த நாளில் சாமான்களில் இரண்டே வகை. கம்பெனி பேர் போட்ட அட்டைப்பெட்டியில் வந்தால் ஒரிஜினல். வராவிட்டால் டூப்ளிகேட். ஸ்டவ் திரி, சைக்கிள் பெல், மிக்ஸி மூடி எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். வேறு கம்பெனிக்காரன் தன் பேரிலேயே ஒழுங்காகச் செய்து விற்றிருப்பான் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதுவும் டூப்ளிகேட்தான்.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லை ஒரு மனுஷருக்கும் வைத்திருந்தார்கள். அம்மா இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டவருக்கு. வைத்தவர் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா. திண்டிவனத்தில் ரைஸ் மில் வைத்திருந்தவர். வீட்டுக்குள் நுழையும்போதே, "டூப்ளிகேட் இருக்காரா, ஸ்கூலுக்குப் போய்ட்டாரா?" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அம்மா டாக்டர். திண்டிவனத்தில் வீட்டை ஒட்டியே சின்ன ஆஸ்பத்திரி. அப்பா நான் எட்டாவது படிக்கும்போது இறந்துபோனார். என்னை விழுப்புரத்தில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். அங்கே எனக்குக் கணக்கு எடுத்தவரைத்தான், நான் காலேஜ் சேர்ந்த வருஷம், அம்மா கட்டிக்கொண்டாள். அதனால் அவர் எனக்கு எப்போதும் 'சார்'. அப்பா என்று கூப்பிடச் சொல்லி அவரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஹாலில் அப்பாவின் படம் இருந்த இடத்திலேயே இருந்தது. சனிக்கிழமை தோறும் சார் அதைத் துடைப்பார். அப்பாவின் சாய்வு நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவர் எதையும் கேட்டுச் சாப்பிட்டதில்லை. இலையில் என்ன விழுகிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். உப்பு இல்லையென்றால் உப்பில்லாமல். சோறு போதவில்லையென்றால் போதாமல். விருந்துக்கு வந்த இடத்தில் கூச்சப்படுகிற ஆள் மாதிரி இரண்டு வருஷம் சாப்பிட்டார்.

எண்பதுகளின் நடுவில் அம்மாவுக்குக் கார் வந்தது. அதற்கு முன் வல்லம் பக்கத்துக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போக வாடகைக் காரைத்தான் நம்பியிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் வாடகைக் கார் வந்து சேரத் தாமதமாகி, அம்மா போவதற்குள் குழந்தை இறந்தே பிறந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாளே காருக்குப் பதிவு செய்தாள். மாமா மெட்ராஸில் யாரையோ பிடித்துச் சீக்கிரம் வரவழைத்தார். அந்தப் பெருமையை அவர் கடைசிவரை விடவில்லை.

புது மாடல். திண்டிவனத்துக்கு வந்த அந்த மாடலில் அதுதான் முதல் வண்டி. முதல் ஞாயிற்றுக்கிழமை சார் பானெட்டைத் திறந்தபோது நான் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பானெட் என்றால் உள்ளே கரியும் பிசுக்குமாக இருக்கும் என்று லாரிகளைப் பார்த்துப் பழகியவள் நான். இங்கே எல்லாம் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. சந்தைக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை கொண்டுபோன வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்த மனுசந்தான் செஞ்சானா?" என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

காருக்கு வாரண்டி உண்டு என்பதை மாமா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். வாரண்டி என்ற சொல்லே அப்போது எங்களுக்குப் புதிது. மாமா விளக்கம் சொன்னார்: "எது கெட்டாலும் கம்பெனிக்காரன் ஓடி வந்து மாத்திக் குடுப்பான். ஆனா நம்ம கை அதுல படக் கூடாது."

கை படாமல் இருக்க வண்டி கண்ணாடிப் பெட்டியிலா இருந்தது? ஓடி ஓடி ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. ஆயிலோடு அதை வடிகட்டுகிற ஃபில்டரையும் மாற்ற வேண்டும். மெட்ராஸ் டீலரிடம் கேட்டால் ஃபில்டர் ஸ்டாக் இல்லை, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். மறுபடி கேட்டபோதும் அதே பதில். அம்மாவுக்கு அந்த மாதம் பிரசவங்கள் வரிசை கட்டி நின்றன. சார் காரை விழுப்புரத்துக்கு ஓட்டிப்போய், மெக்கானிக்கை விட்டுப் பழைய ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினார். விழுப்புரத்துக் காலேஜ் விட்டு நானும் கூடப் போயிருந்தேன்.

அவர் ஃபில்டர் வாங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். மரை ஒன்றுக்கொன்று சேர்கிறதா, ரப்பர் வளையம் அதே அளவா என்று பார்த்தார். அதோடு விட்டாரா? காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். விரலை மடக்கித் தட்டினார். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், தேங்கா மாதிரி முத்தலா எளசான்னு பாக்கறீங்களா?" என்றார். சார் சிரிக்கவில்லை. எது நல்லது என்று கடைக்காரரையே கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்ததில் விலை கூடியதை வாங்கினார். ஃபில்டர் செய்யும் வேறொரு கம்பெனியுடையது. தன் பேரை டப்பா மேலே பெரிதாகப் போட்டிருந்தது.

அதைப் போட்டு நன்றாகத்தான் ஓடியது. நாங்களும் ஃபில்டரை மறந்துபோனோம்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து நானும் சாரும் வந்துகொண்டிருந்தோம். விக்கிரவாண்டி தாண்டும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. சார் உடனே ஓரங்கட்டினார். நிறுத்துவதற்குள் இன்ஜின் தானாகவே இறுகி நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை.

பக்கத்தில் லாரிகளுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் வந்தார். ஆயில் அடைப்பாக இருக்கும் என்று முதல் காரியமாக ஃபில்டரைக் கழற்றிக் கையில் எடுத்தார். அந்தக் காலத்து லாரி வழக்கம் என்னவென்றால், ஃபில்டரை யாரும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். பெட்ரோலில் அலசி, உதறி, மறுபடி மாட்டுவார்கள். இந்த மாதிரி மூடிய டப்பாவை அலச முடியாது என்பது பலருக்குத் தெரியாது. அவரும் நல்லெண்ணத்தில்தான், "ஜல்தியா பெட்ரோல் ஊத்திக் கழுவிக் குடுத்துடறேன் சார்" என்று பெட்ரோல் டப்பாவைத் தேடிக்கொண்டு போனார்.

சார் போய் அவர் கையிலிருந்து ஃபில்டரை வாங்கிக்கொண்டார். "வேணாங்க. கழுவ வேணாம்."

"உள்ள அழுக்கு இருக்கும் சார்."

"இருக்கட்டுங்க. இது நான் வாங்கிப் போட்டது. இப்போ கழுவினா எதையோ மறைச்ச மாதிரி ஆயிடும்."

கார் ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டித் திண்டிவனத்து ஒர்க் ஷாப்புக்குப் போனது. நாங்கள் பஸ்ஸில் போனோம். சார் ஃபில்டரைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஆயில் கசிந்து வெள்ளை வேட்டியில் பெரிய கறையாகப் பரவியது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் கறையைப் பார்த்து, பார்சலைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கெட்ட செய்திக்கு அவர் வீட்டு வழி நன்றாகத் தெரியும். டீலருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசியும் முடித்திருந்தார். வெளி ஃபில்டர் போட்டிருந்தால் வாரண்டி கிடைக்குமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, இன்ஜினியர் நேரில் வந்து பார்த்துத்தான் சொல்லுவார் என்று சொன்னார்களாம். மாமா அதைச் சுருக்கி, "வாரண்டி போச்சு" என்றார். பிறகு சாரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டத்தானே வாங்கியாரும்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மாமா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அதற்குள் கம்பெனி ஃபில்டர், புத்தம் புதியது. சர்வீஸுக்கு மாதக்கணக்கில் கிடைக்காத ஒரிஜினல், பொய்க்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. "பேஜாரே வேணாம். இத்த மாட்டி வெச்சுடலாம். அந்தச் சனியனை ஏரியில கடாசிட்டு வந்துடறேன். நாளைக்கு இன்ஜினியர் வந்து பாத்தா ஒரிஜினல்தான் இருக்கும். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

சார் நின்றுகொண்டே பேசினார். "நான் போட்டதை நான் போட்டேன்னு சொல்லிடறேன். வாரண்டி இல்லன்னா, திருவெண்ணெய்நல்லூர்ல என் பங்குக்கு இருக்கற கரும்புக் கொல்லையை வித்து இன்ஜின் வாங்கிப் போட்டுடறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கப்புறம் நான் விழுப்புரத்துலயே ரூம் எடுத்துத் தங்கிக்கறேன். என்னால இந்த வீட்டுக்குக் கெட்ட பேரு வர வேணாம்."

அதுவரை கார் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, கார் எனக்குப் பெரிதில்லை. அவர் போய்விடக் கூடாது. அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பது அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கைகழுவுகிற இடத்தில் நின்றிருந்தாள். ஏதோ பிரசவம் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்: "பிரசவத்துல நஞ்சுக்கொடி விழுந்தா, அதைப் பிரிச்சு முழுசாப் பாக்காம நான் குழியில போட விடமாட்டேன். அதுலதான் உள்ள என்னா நடந்துச்சுன்னு தெரியும். இதையும் பிரிச்சுப் பாக்காம யாரும் எங்கயும் கடாச வேணாம். உன் பெட்டியை எடுத்துக்கினு போ அண்ணா."

யார் பக்கம் பேசினாள் என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை. சார் அன்று பகல் சாப்பிட வரவில்லை.

இன்ஜினியர் மெட்ராஸிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். ஒல்லியான ஆள். அதிர்ந்து பேசாதவர். ஒர்க் ஷாப்பில் இன்ஜினை இறக்கச் சொல்லிவிட்டு, "இதுல இருந்த ஃபில்டர் எங்கே?" என்று கேட்டார். சார் பேப்பர் பொட்டலத்தை நீட்டினார். "இது உங்க கம்பெனிது இல்லைங்க. விழுப்புரத்துல நான் வெளியில வாங்கிப் போட்டது" என்றார். போலீஸிடம் பிடித்துப்போகச் சொல்லிக் கையை நீட்டுகிற ஆள் மாதிரி நின்றார்.

இன்ஜினியர் பேரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். குழாய் வெட்டுகிற வளையம் போன்றது. ரம்பத்தால் அறுத்தால் அந்தத் தூள் உள்ளே விழுந்துவிடும், அதனால் இதுதான் சரி என்றார். டப்பாவைச் சுற்றிச் சுற்றித் திருக, மேல்பாகம் மூடிபோலக் கையோடு வந்தது. உள்ளே இருந்ததை எங்கே வைப்பது என்று பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளை எனாமல் தட்டு ஒன்றும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்திருந்தாள். எதற்கு என்று புரியாமல் வழியெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்.

அந்த டப்பாவுக்குள் இருந்தது காகிதம். வெறும் காகிதம். புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக, நெருக்கமாக. இன்ஜினியர் ஒரு முனையைப் பிடித்து மெதுவாகப் பிரித்தார். பிரிந்துகொண்டே வந்தது. துணி முடிந்தது, மேஜை முடிந்தது, காகிதம் முடியவில்லை. மிச்சத்தை நான் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற டப்பாவில் இவ்வளவு நீளமா? வண்டியின் உயிரெல்லாம் இந்தக் காகிதத்தின் வழியாகவா போய்வந்தது? கடையில் சார் ஆட்டிப் பார்த்தபோது நானும் உள்ளுக்குள் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் இன்ஜினியர் காகிதத்தை லேசாகச் சாய்த்தார். மடிப்புக்கு மடிப்பு மின்னியது. கறுப்பு ஆயிலுக்குள் பொடிப்பொடியாக, ஜரிகையை இழைத்துத் தூவியதுபோல. ஒர்க் ஷாப் ஆட்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். அழிவு அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு இடத்துலகூட கிழியல" என்றார் இன்ஜினியர். காகிதத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். ஒரு காந்தத்தை மேலே நகர்த்தினார். பொடி ஒட்டவில்லை. "இரும்பு இல்ல. பேரிங் தேய்ஞ்சு வந்த பொடி. வந்ததையெல்லாம் இது பிடிச்சு வெச்சுருக்கு. பிடிக்கற வரைக்கும் பிடிச்சிருக்கு."

மாமா விடவில்லை. "டூப்ளிகேட்டு போட்டதாலதானே தேய்ஞ்சுது?"

"இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும்."

மத்தியானத்துக்குள் பிரித்துவிட்டார்கள். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டை வெளியே எடுத்துத் துடைத்து வைத்தபோது எனக்கு இரண்டாவது ஆச்சரியம். அவ்வளவு பெரிய இரும்பு, கண்ணாடிபோலப் பளபளத்தது. என் முகம் அதில் நீளமாகத் தெரிந்தது. உள்ளே முழுக்கத் துளைகள் ஓடுகின்றன, ஆயில் அவற்றின் வழியே ஒவ்வொரு மூட்டுக்கும் போகிறது என்று இன்ஜினியர் காட்டினார். அம்மா குனிந்து அந்தத் துளைகளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "எலும்புக்குள்ள ரத்தம் ஓடற மாதிரி வெச்சிருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னாள். எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவள், இரும்பைப் பார்த்து அசந்துபோனாள்.

மூட்டுகளில் இருந்த பேரிங்குகள் மற்றதெல்லாம் நன்றாக இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கருகித் தேய்ந்து உருமாறியிருந்தது. இன்ஜினியர் ஒவ்வொரு துளையிலும் காற்றடித்துப் பார்த்தார். கருகிய இடத்துத் துளையில் மட்டும் காற்று சரியாக வரவில்லை. மெல்லிய கம்பியை விட்டு நோண்டினார். சுருளாக ஒரு இரும்புச் சீவல் வெளியே வந்தது. பென்சில் சீவினால் விழுமே, அந்த மாதிரி. அம்மாவின் தட்டில் 'டிங்' என்று விழுந்தது.

இன்ஜினியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் எங்களுக்கு என்ன தெரியும்? அவர் சொன்னார்.

"துளை போடறப்போ சுருண்டு விழுந்தது. எங்க ஃபேக்டரியில எடுக்காம விட்டுட்டாங்க. இது ஃபில்டரைத் தாண்டின இடம். எந்த ஃபில்டர் போட்டிருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. இந்த ஒரு மூட்டுக்கு ஆயில் போகல, அது தேய்ஞ்சிருக்கு. ஃபில்டர் சரியில்லன்னா எல்லா மூட்டையும் தின்னிருக்கும்."

"அப்போ வாரண்டி?" என்றார் மாமா.

"வெளி பார்ட் போட்டாலே வாரண்டி போயிடும்னு இல்லைங்க. அதனாலதான் கெட்டுதுன்னா போயிடும். இது அதனால கெடல. இன்ஜின் மாத்தித் தர்றதுக்கு நான் எழுதிடறேன்." பிறகு சாரைப் பார்த்துச் சொன்னார்: "நிறைய பேர் நாங்க வர்றதுக்கு முன்னாடி புது ஃபில்டரை மாட்டி வெச்சுடுவாங்க. கருகிப்போன இன்ஜின்ல பளபளன்னு ஒரு ஃபில்டர். அதைப் பாத்துட்டா நான் மேல எதையும் நம்ப மாட்டேன். திரும்பிப் போயிடுவேன்."

மாமா ரொம்பத் தீவிரமாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் தோற்க மனசில்லை அவருக்கு. "என்ன இருந்தாலும் டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டுதானே?" என்றார்.

இன்ஜினியர் தட்டில் கிடந்த காலி டப்பாவை எடுத்து, அதன் மேலிருந்த பேரைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். "எங்க பேரைப் போட்டு விக்கறாங்க பாருங்க, அதுதாங்க டூப்ளிகேட். இது தன் பேர்லயே வந்திருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். வேறு எதையும் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் வீட்டுக் கதை அவருக்கு எங்கே தெரியும்? ஆனால் நான் சட்டென்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காராத சாய்வு நாற்காலியும், சனிக்கிழமை சனிக்கிழமை துடைக்கிற படமும் எனக்கு நினைவுக்கு வந்தன. அப்பா இடத்தை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அப்பா பேரில் வரவும் இல்லை.

புது இன்ஜின் வந்து கார் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா சாப்பாட்டு நேரத்தில் வந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், வாசலிலேயே குரல் கொடுத்தார்: "டூப்ளிகேட் இருக்காரா?"

சாரின் கை இலையில் அப்படியே நின்றது. அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல், குரலையும் உயர்த்தாமல் சொன்னாள்: "அப்படி இங்க யாரும் இல்லண்ணா. இவரு தன் பேர்லயே வந்தவரு. உள்ள வா, சாப்புடு."

மாமா வந்து உட்கார்ந்தார். பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அவர் சொன்னதே இல்லை. அம்மா அவருக்கு இலை போடப் போனாள். பிறகு சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுமா. குழம்பும் ஊத்து."

நான் எழுந்தேன். கண்ணீர் மறைத்ததால் பாத்திரம் தெரியவில்லை. "இந்தாங்க சார்" என்று சொல்லி, அவர் போதும் என்று கையைக் காட்டும்வரை போட்டேன்.